குளிருக்கு வரும் சத்தம்

கார் இஞ்சினில் டைமிங் செயின் ஆயுசுக்கும் வரும் என்று என்னிடம் சொல்லாத ஆண்பிள்ளை ஏற்காட்டில் பாக்கி இல்லை. டீக்கடையில் சொன்னார்கள். பெட்ரோல் பங்கில் சொன்னார்கள். மிளகு உலர்த்தத் தார்ப்பாய் வாங்கப் போன கடையில், பாயை முழம் போட்டுக்கொண்டே கடைக்காரர் சொன்னார். அவருக்கு ஒரு ஸ்கூட்டர்கூடக் கிடையாது. உங்கள் வண்டி சத்தம் போடுகிறதாமே என்று அவரே எடுத்துக்கொடுத்தார், செயின் வண்டிதானே பயப்படாதீர்கள் என்று அவரே முடித்தும் வைத்தார். நான் வாயே திறக்கவில்லை. தார்ப்பாயை மடித்து டிக்கியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

பேசுகிறவர்களுக்கு என்ன, வாய்க்கு வரியா போட்டிருக்கிறார்கள்? மலை இறங்குகிறவள் நான். நாகலூர் போகிற வழியில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் அங்கே ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். காலையில் ஆளை எண்ணி, மாலையில் பழத்தை நிறுத்து, அப்படியே தலை நரைத்தது. ரிட்டயர் ஆன கையோடு, எஸ்டேட்டில் ஓடிக்கொண்டிருந்த பழைய காரையே வாங்கினார். அடுத்த வருடம் அவருடைய சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ்.

காலையில் அவருக்கென்று ஒரு மெஷின் ஒதுக்கியிருப்பார்கள். பிந்தினால் அடுத்த ஆளைப் படுக்கவைத்துவிடுவார்கள். ஒரு முறை தவறினால் கால் வீங்கும். மறுமுறையும் தவறினால் மூச்சு விட முடியாமல் போகும் என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்தே சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் போய்ப் பார்த்தோம். போகும்போது ஒரு மாதிரி சமாளித்துவிட்டார். திரும்பும்போது கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு வாந்தி. அதனால்தான் ஐம்பது வயசுக்கு மேல் நான் ஸ்டீயரிங் பிடித்தேன். கற்றுக்கொண்ட நாட்களில் என்னைப் பார்த்து ஒதுங்கி நின்று சிரித்தவர்கள் உண்டு. அவர்களில் பாதிப்பேர் இன்றைக்கும் பஜாரில் ரிவர்ஸ் எடுக்க இறங்கி நின்று கை காட்ட ஒரு ஆள் தேடுகிறார்கள். அது போகட்டும். அந்தக் கார் நடுமலையில் படுத்துக்கொண்டால் என் வீட்டில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும், தார்ப்பாய்க் கடைக்காரருக்குத் தெரியாது.

சத்தம் இப்படி. விடிகாலையில் சாவியைத் திருப்பினால், இஞ்சின் பிடித்த மறுகணம் முன்பக்கத்தில் கரகரவென்று ஒரு இரைச்சல், தகர டப்பாவில் காப்பிக்கொட்டையைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி. இரண்டு மூச்சு விடுவதற்குள் அடங்கிவிடும். அப்புறம் நாளெல்லாம் வண்டி சமர்த்து. முதலில் எப்போதோ ஒரு தரம் வந்தது. ஐப்பசி மழையில் அடிக்கடி வந்தது. தைக்குப் பிறகு ஒரு காலைகூடத் தவறவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக நீண்டும் வந்தது. அந்த நேரத்தில் பக்கத்து சீட்டில் இருக்கும் என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். சத்தம் நின்ற பிறகுதான் தலையைத் திருப்புவார்.

இஞ்சினுக்குள் அந்தச் செயினுக்கு என்ன வேலை என்பதை நானாகத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன், அவர் மெஷினில் படுத்திருந்த மணிநேரங்களில், வராந்தா நாற்காலியில் போனை வைத்துக்கொண்டு. அடியில் சுற்றுகிற தண்டையும், மேலே வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டையும் ஒரே தாளத்தில் கட்டி வைத்திருப்பது அது. சைக்கிள் செயின் மாதிரிதான், ஆனால் எண்ணெயில் நனைந்தபடி ஓடும். ரப்பர் பெல்ட் போட்ட வண்டிகளுக்கு இத்தனை கிலோமீட்டரில் மாற்று என்று கணக்கு உண்டு. செயினுக்குப் பல வண்டிகளில் அப்படி ஒரு கணக்கு எழுதுவதில்லை. எழுதவில்லை என்றால் அது சாகாவரம் வாங்கி வந்ததாக அர்த்தமா? ஓடி ஓடி அது தளரும். தளர்வை இழுத்துப் பிடிக்க டென்ஷனர் என்று ஒன்று இருக்கிறது, அதுவும் கிழடாகும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் எண்ணெய் கீழே வடிந்திருக்கும். காலையில் அது மேலே ஏறி டென்ஷனரைத் தள்ளுகிற வரைக்கும் தளர்ந்த செயின் பக்கத்துச் சுவரில் அடித்துக்கொள்ளும். முற்றிப்போனால் ஒரு நாள் பல்லைத் தாண்டிவிடும். அப்போது வால்வும் பிஸ்டனும் மோதி இஞ்சின் நின்ற இடத்திலேயே குப்பையாகும். ஆகவே கிலோமீட்டரைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், கிலோமீட்டரைப் பார்த்துத் தைரியமாகவும் இருக்க வேண்டாம். காதை வைத்துக் கேட்டால் போதும். நான் படித்த இடத்திலேயே நூறு பேர் இதைப்பற்றிக் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள். தன் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் உலகத்தில் எந்த வண்டிக்கும் ஒன்றும் ஆகாது என்பதுதான் பெரும்பாலானவர்களின் ஆராய்ச்சி.

என் வீட்டுக்காரர் அந்த ஆராய்ச்சிகூடச் செய்யவில்லை. ‘குளிருக்கு அப்புடித்தான் புள்ள. மனுசனுக்கே காலைல முட்டி கரகரங்குது’ என்று முடித்துவிட்டார்.

இந்த மலையில் இது ஒரு வியாதி. எது கெட்டாலும் குளிர். மாவு புளிக்கவில்லையா, குளிர். கதவு சாத்த வரவில்லையா, குளிர். மகன் கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்டதற்குப் பனியைக் காரணம் சொன்ன ஒரு தகப்பனை எனக்கு நேரிலேயே தெரியும். எல்லாவற்றையும் ஒரு போர்வைக்குள் சுருட்டி வைத்துவிட்டால் யாரும் எதையும் திறந்து பார்க்க வேண்டியதில்லை பாருங்கள். பால் ஊற்றுகிறவர் சத்தத்தைக் கேட்டுவிட்டுக் குளிர் என்றார். மாரமங்கலத்துக்கு ஜீப் ஓட்டுகிறவர் வழியில் நிறுத்தி, இறங்காமலே, கண்ணாடியை மட்டும் இறக்கிக் குளிர் என்றார். பங்குனி பிறந்து வெயில் ஏறிய பிறகும் சொன்னார்கள். அப்போது அது போன மாதத்துக் குளிராம், இஞ்சினுக்குள் தங்கியிருக்கிறதாம்.

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை என் நாத்தனார் வீட்டுக்காரர். என் வீட்டுக்காரருடைய தங்கச்சியைக் கட்டியவர். ஏற்காடு பஜாரில் ஒரு லாட்ஜும், சுற்றுலா வருகிறவர்களுக்கு ஊரைக் காட்ட இரண்டு ஜீப்பும் வைத்திருக்கிறார். ஜீப் வைத்திருப்பதால் தனக்கு இஞ்சின் தெரியும் என்று நினைப்பு. அந்தக் கணக்குக்கு, லாட்ஜில் அத்தனை கட்டில் போட்டிருக்கிறாரே, தச்சு வேலையும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நாள் எங்கள் வீட்டுக் காப்பியை உறிஞ்சிக்கொண்டே தன் தீர்ப்பைச் சொன்னார். வண்டி ஓட்டுகிற என்னிடம் இல்லை, எதிரே நாற்காலியில் சாய்ந்திருந்த என் வீட்டுக்காரரிடம்.

‘மச்சான், மீட்டர்ல ரெண்டு லட்சம் காட்டுதுன்னு அக்கா பயப்படுது. அதுல பாதி எறக்கமுங்க. எறக்கத்துல நீங்க இஞ்சின ஆப் பண்ணிட்டுத்தான வந்தீங்க? அப்ப செயின் ஓடுனது ஒரு லட்சந்தான்.’

என் வீட்டுக்காரர் தலையாட்டினார். வாழ்நாளெல்லாம் கணக்குப் பார்த்த மனுஷன், அந்தக் கணக்குக்குத் தலையாட்டினார்.

உலகத்தில் வேறு எந்த ஊரிலும் இப்படி ஒரு கணக்கைப் போட முடியாது. மலையிலேயே பிறந்து மலையிலேயே வளர்ந்தால்தான் இந்தப் புத்தி வரும். இறக்கம் வந்ததும் சாவியை அணைத்து, நியூட்ரலில் வண்டியை உருட்டிக்கொண்டு போவது இங்கே ஒரு வீரம். பெட்ரோல் மிச்சமாம். இஞ்சின் நின்றால் பிரேக் மிதி கல்லாகிவிடும், ஸ்டீயரிங் விறைத்துக்கொள்ளும் என்பதெல்லாம் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. என் வீட்டுக்காரரும் தான் ஓட்டிய காலமெல்லாம் அப்படித்தான் இறங்கினார். நான் ஒரு நாளும் செய்ததில்லை. இரண்டாம் கியரில் இஞ்சினைப் பிடித்தபடியே இறங்குவேன். அதற்கு, அக்கா பெட்ரோலை ஊற்றி ரோட்டைக் கழுவுகிறது என்று நாத்தனார் வீட்டுக்காரர் பஜாரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

சரி, பாதி இறக்கம் என்றே வைத்துக்கொள்வோம். மீதிப் பாதி என்ன, பல்லக்கிலா போயிற்று? அது ஏற்றம் இல்லையா? அடிவாரத்திலிருந்து முதல் கியரும் இரண்டாம் கியருமாக, இஞ்சின் கதறிக்கொண்டு ஏறுகிறதே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஒரு வளைவு ஏற இஞ்சின் சுற்றுகிற சுற்றுக்குச் சமதளத்தில் வெகுதூரம் போய்விடலாம். இதைத்தான் கேட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, அதெல்லாம் டெக்னிக்கல் விஷயம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் போன பிறகு டம்ளரைக் கழுவி வைத்தேன்.

மேலே இருப்பவர்கள்தான் இப்படி, கீழே சேலத்தில் தொழில் தெரிந்தவர் இருப்பார் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒரு ஒர்க்‌ஷாப் உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை, என் வீட்டுக்காரரை மெஷினில் விட்டுவிட்டு வண்டியை அங்கே கொண்டுபோனேன். மெக்கானிக் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார், அதுவரைக்கும் நல்ல மனுஷன்தான். சாவியைப் போட்டார். வண்டி பூனைக்குட்டி மாதிரி நின்றது. மலை இறங்கி வந்த சூட்டில் எண்ணெய் எல்லா இடத்திலும் ஏறியிருக்கிறது, எப்படிச் சத்தம் வரும்? காலையில் மட்டும்தான் வரும் என்றேன். அப்படியானால் காலையில் கொண்டுவாருங்கள் என்றார்.

சத்தம் வருவது மலைமேல். மெக்கானிக் இருப்பது மலைக்குக் கீழே. இறங்கி வருவதற்குள் இஞ்சின் சூடாகிச் சத்தம் போய்விடும். இதை ஒரு குழந்தைக்குச் சொன்னால் புரிந்திருக்கும். அவர் பானட்டை மூடிவிட்டு, ஒருதரம் ஐயாவைக் கூட்டி வாருங்கள், அவரிடம் பேசிக்கொள்கிறேன் என்றார். ஐயா அந்த நேரத்தில் இரண்டு குழாய்களுக்கு நடுவே தன் ரத்தத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்.

அதற்கும் விட்டேனா? அடுத்த செவ்வாய் விடிகாலையில் சத்தத்தைப் போனில் பதிவு செய்துகொண்டு போனேன். ஒர்க்‌ஷாப்பில் பக்கத்திலேயே ஒரு வேனைப் போட்டுச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக் போனைக் காதில் வைத்துக் கேட்டார், அரிசி களைகிற மாதிரி இருக்கிறது என்றார், இன்னொரு தரம் போடச் சொன்னார். போன் மைக்கில் அப்படித்தான் கேட்கும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆக, மலைமேல் குளிர், மலைக்குக் கீழே மைக். வண்டியில் மட்டும் ஒரு கோளாறும் கிடையாது.

சித்திரையில் ஒரு செவ்வாய், மெஷினிலிருந்து இறக்கியதும் என் வீட்டுக்காரருக்குத் தூக்கிப் போட்டுக் காய்ச்சல் வந்தது. ஒரு ராத்திரி இருக்கட்டும் என்று நிறுத்திக்கொண்டார்கள். கார் ஆஸ்பத்திரி வளாகத்தில் வேப்பமரத்தடியில் நின்றது. விடிந்தபோது காய்ச்சல் விட்டிருந்தது. இட்லி கேட்டார். வாங்கி வரலாம் என்று வண்டியை எடுத்தேன். சேலத்துச் சித்திரை உங்களுக்குத் தெரியும், பொழுது கிளம்புவதற்குள்ளேயே கழுத்தில் வியர்வை ஊறுகிறது. சாவியைத் திருப்பினேன்.

கரகரகர. எங்கள் வாசலில் கேட்கிற அதே சத்தம், ஒரு சொட்டுக் குறையவில்லை.

நான் ஸ்டீயரிங்கைத் தட்டிச் சிரித்தேன். வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார், பார்க்கட்டும். எங்கே குளிர்? கூப்பிடுங்கள் அந்தத் தார்ப்பாய்க் கடைக்காரரை, கூப்பிடுங்கள் அந்த ஜீப்காரரை, வந்து இந்த வேப்பமரத்தடியில் நின்று போர்வை போர்த்திக்கொள்ளச் சொல்லுங்கள். ராத்திரி நின்ற வண்டி, அவ்வளவுதான் சங்கதி. மலையில் ராத்திரி என்றால் குளிரும் சேர்ந்தே வரும், அதனால் நின்றதையும் குளிர்ந்ததையும் பிரித்துப் பார்க்க இத்தனை பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தலையைத் தோளுக்கு மேல் எதற்கு வைத்திருக்கிறார்களோ, மழைக்குக் குல்லா மாட்டத்தான் போலிருக்கிறது.

இட்லியைக் கொடுத்துவிட்டு நேரே ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். வண்டியை இங்கேயே விடுகிறேன், ராத்திரி இங்கேயே நிற்கட்டும், நாளைக் காலையில் நீங்களே சாவி போடுங்கள், நான் பக்கத்தில்கூட இருக்கமாட்டேன் என்றேன். மெக்கானிக் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். மதியம் ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் ஏறினோம். காலையில் கேட்டு வாங்கிய இட்லியில் ஒரு விள்ளலுக்கு மேல் உள்ளே போகாததால் அன்றைக்கு வாந்தியும் இல்லை, ஆனால் வீடு வந்து சேர்ந்தபோது என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்ற முடியாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை போன் வந்தது. மெக்கானிக் கொஞ்சம் இழுத்தார். ‘ஏனுங்கம்மா... சத்தம் வருதுங்க.’

அங்கே ரொம்பக் குளிரா என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை.

மதியத்துக்குள் முன்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டார். டென்ஷனர் தன் முழு நீளத்துக்கும் வெளியே வந்துவிட்டது, இனி தள்ளுவதற்கு இடமில்லை. செயின் உரசி ஓடுகிற பிளாஸ்டிக் கட்டை தேய்ந்து, ஒரு துண்டு உடைந்து எண்ணெய்த் தொட்டியில் கிடந்தது. செயின், டென்ஷனர், கட்டை, பல்சக்கரம் எல்லாம் செட்டாக மாற்ற வேண்டும், மாற்றாமல் இந்த வண்டியை மலையேற்றக் கூடாது என்றார். இவ்வளவும் சொல்லிவிட்டுக் கடைசியில், ஐயாவிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள் என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு, சரி கேட்கிறேன் என்றேன்.

என் வீட்டுக்காரர் ஜன்னலோரம் கட்டிலில் சாய்ந்திருந்தார். ஒரு நாளைக்கு அளந்து குடிக்க வேண்டிய தண்ணீரில் ஒரு வாய் குடித்து, அதை விழுங்க மனசில்லாமல் வாயிலேயே வைத்திருந்தார். மூக்குக் கண்ணாடியின் ஒரு காது ஒடிந்து நூலால் கட்டியிருந்தது. பொங்கலிலிருந்து நானும் புதுசு வாங்கலாம் என்கிறேன், அவரும் அப்புறம் அப்புறம் என்கிறார். மெக்கானிக் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். இப்போது குளிர் என்று சொல்லட்டும், பார்க்கிறேன் என்று காத்திருந்தேன். அவர் அதைச் சொல்லவில்லை.

‘மாத்த வேண்டாம் புள்ள. பழசையே பூட்டிக் குடுக்கச் சொல்லு’ என்றார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, ‘செயினுன்னு எனக்கு மொதல்லயே தெரியும். இருக்கறது என்னோட காலத்துக்குப் போதும். அதுக்கப்பறம் இந்த வண்டி எதுக்கு?’ என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இத்தனை மாதமாக முட்டாள்கள் என்று நான் நினைத்தவர்களில் இவர் மட்டும் முட்டாள் இல்லை. இவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் ஒவ்வொரு காலையும் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கிறார், தெரிந்துகொண்டேதான் அந்தத் தங்கச்சி மாப்பிள்ளையின் கோமாளிக் கணக்குக்குத் தலையாட்டியிருக்கிறார். கண்ணாடிக்கு அப்புறம். பட்டுப்போன மிளகுக் கொடிகளுக்குப் பதிலாகப் புதுக்கொடி நட அப்புறம். இப்போது செயினுக்கும் அப்புறம். தன் பேருக்கு நேரே தானே ஒரு கோடு போட்டு மூடிவிட்டு மனுஷன் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் பெரிசாக வந்தது. இதற்குப் பெயர் தைரியம் என்று அவருக்கு நினைப்பு. தைரியமாம், மண்ணாங்கட்டி. ஊரில் ஒவ்வொருவனும் சோம்பலுக்குக் குளிரைச் சாக்கு வைத்தான். இவர் சாவுக்கு வைத்திருக்கிறார்.

‘ஏனுங்க,’ என்றேன். ‘அந்த வண்டிக்குள்ள நானும் இருக்கறனுங்க.’

அவர் திரும்பினார்.

‘நடுக் கொண்டை ஊசி வளைவுல இஞ்சின் நின்னு, பின்னால லாரி வந்துச்சுன்னா, போறது நீங்க ஒருத்தருதானா?’

அவர் முகத்தைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அது அவருக்குத் தோன்றியிருக்கவே இல்லை. சர்வீஸ் முழுக்கக் காலையில் ஆளை எண்ணியவர், ஒரு ஆள் விடாமல் பேர் சொல்லிக் கூப்பிட்டவர், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வண்டி ஓட்டுகிற ஆளை எண்ணாமல் விட்டிருக்கிறார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நான் அவர் எதிரிலேயே மெக்கானிக்குக்குப் போன் போட்டு, எல்லாவற்றையும் மாற்றுங்கள் என்றேன். ஐயாவிடம் கேட்டாயிற்றா என்றார். ஓட்டுகிறவளிடம் கேட்டாயிற்று என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சாமான் வெளியூரிலிருந்து வர வேண்டும் என்றார்கள். வெள்ளிக்கிழமைக்குள் வண்டி தயாராகவில்லை. ஒரே ஒரு காலைக்கு ஒரு ஜீப் வேண்டும் என்று நாத்தனார் வீட்டுக்காரரைக் கேட்டேன். கோடை சீசன், இரண்டு ஜீப்பும் ஊர் சுற்ற வந்தவர்களோடு போகிறது, முன்னாடியே சொல்லியிருந்தால் பார்த்திருப்பேன் என்றார். மச்சானுக்கு இல்லாத ஜீப், எவனோ ஏரிக்கரையில் நின்று போட்டோ பிடித்துக்கொள்ள இருந்தது. முதல் பஸ்ஸில் போனோம். திரும்பும்போது கூட்டம். ஒரு புண்ணியவதி எழுந்து அவருக்கு இடம் கொடுத்தாள். அவர் பையில் வாந்தி எடுத்தார். மற்ற நேரமெல்லாம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தார். திங்கட்கிழமை நான் மட்டும் இறங்கிப் போய் வண்டியை எடுத்துவந்தேன்.

அன்று சாயங்காலம் நாத்தனாரும் அவள் வீட்டுக்காரரும் வந்தார்கள், என் வீட்டுக்காரருடைய காய்ச்சலை விசாரிக்க. காய்ச்சல் விட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று நான் சொல்லவில்லை. ராத்திரி தங்கினார்கள். செவ்வாய் விடிகாலையில் நாங்கள் கிளம்பியபோது, என்னைப் பஜாரில் இறக்கி விடுங்கள் என்று நாத்தனார் வீட்டுக்காரரும் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றார். இரண்டு ஜீப்புக்குச் சொந்தக்காரர்.

வைகாசி பிறந்திருந்தாலும் ராத்திரி மழை பெய்திருந்தது. காப்பித் தோட்டத்தில் மூடுபனி அசையாமல் நின்றது. என் வீட்டுக்காரர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் சாவியைத் திருப்பினேன். இஞ்சின் பிடித்தது. அவ்வளவுதான். கரகர இல்லை, ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் அன்றைக்கு ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. நேரே பார்த்துக்கொண்டு, காதை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நாத்தனார் வீட்டுக்காரர் வெளியே நின்று பானட்டை இரண்டு தட்டுத் தட்டினார். பேசும்போது அவர் வாயிலிருந்து புகை புகையாக ஆவி வந்தது.

‘பாத்தீங்களாக்கா, சத்தத்தக் காணோம். குளிர் போனா நின்னுரும்னு நான் அப்பவே சொன்னனில்லீங்க? வீணா மாத்திப்போட்டீங்க.’

என்ன சொல்வது இந்த ஜென்மத்துக்கு? நான் வைப்பரைப் போட்டுக் கண்ணாடியைத் துடைத்தேன். அவர் என் வீட்டுக்காரர் பக்க ஜன்னலுக்கு வந்து குனிந்து, அடுத்த யோசனையைச் சொன்னார். வண்டி இப்போது நல்ல கண்டிஷனில் இருக்கிறது, சீசன் முடிவதற்குள் யார் தலையிலாவது கட்டிவிடலாம், இந்த நிலைமையில் மச்சானுக்கு இனிமேல் எதற்கு வண்டி என்றார். நாக்கில் நரம்பில்லாமல் பேசுகிறாரே என்று நான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர் பேசிவிட்டார்.

‘விக்கறதுக்கில்லீங்க மாப்ள. நாங்க இன்னும் நொம்ப வருசத்துக்குப் போயிட்டு வரோணும்.’

நாத்தனார் வீட்டுக்காரர் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். நான் முதல் கியரைப் போட்டேன். வண்டி வாசலைத் தாண்டும்போது என் வீட்டுக்காரர் நூல் கட்டிய கண்ணாடியைக் கழற்றி, வெளிச்சத்தில் ஒருதரம் திருப்பிப் பார்த்தார்.

‘வர்றப்ப கண்ணாடிக் கடையில நிறுத்து புள்ள,’ என்றார். ‘இது இனித் தாங்காது.’